ஃபைட்டிங் கேமுக்கு விமர்சனம் எழுதப் போகிறீர்களா? தோற்றவர் பக்கம் நின்று பாருங்கள்

கதை ஆட்டங்களுக்கு விமர்சனம் எழுதிப் பழகிய கையோடு ஃபைட்டிங் கேமை (இருவர் எதிரெதிரே நின்று சண்டை போடும் ஆட்டம்) எடுத்தால் இரண்டே நாளில் வேலை முடிந்துவிடும். ஸ்டோரி மோடை முடித்து, எல்லாக் கதாபாத்திரங்களையும் ஒருமுறை தொட்டுப் பார்த்து, ஆன்லைனில் நாலைந்து மேட்ச் ஆடி, கிராஃபிக்ஸ் அருமை என்று எழுதி மதிப்பெண் போட்டுவிடலாம். ஆனால் அதை நம்பிக் காசு கொடுத்தவர் மூன்றாவது வாரத்தில் என்ன அனுபவிக்கிறார் என்பது பற்றி அந்த விமர்சனத்தில் ஒரு வரிகூட இருக்காது.

இந்த வகை ஆட்டத்தில் எதிரே இருப்பவர் மனிதர். ஒவ்வொரு மேட்சிலும் ஒருவர் தோற்றே ஆக வேண்டும், புதிதாக வந்தவர் அடிக்கடி தோற்பார். தோற்றவருக்கு ஏன் தோற்றோம் என்று புரிந்தால் அடுத்த மேட்சுக்குப் போவார். புரியாவிட்டால் ஆட்டத்தையே அழித்துவிடுவார். அதனால் மோடு, மெக்கானிக்ஸ் (சண்டையின் விதிகள்), ஆன்லைன் என்று எதைப் பார்த்தாலும் நான் முதலில் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: தோற்றவருக்கு இந்த ஆட்டம் என்ன சொல்லித் தருகிறது? கீழே உள்ள படிகள் எல்லாம் அந்தக் கேள்வியிலிருந்து வந்தவை.

முதலில் உங்கள் மேசையைச் சரிசெய்யுங்கள்

ஃபைட்டிங் கேம்கள் பொதுவாக நொடிக்கு 60 ஃபிரேம் வேகத்தில் ஓடுகின்றன. ஃபிரேம் என்பது திரையில் மாறும் ஒரு படம், அதன் நீளம் ஏறக்குறைய 16.7 மில்லிநொடி. ஆட்டத்தின் எல்லா விதிகளும் இந்த அலகில்தான் எழுதப்பட்டிருக்கின்றன. டிவியில் கேம் மோடைப் போடாமல் விட்டால் படம் சில ஃபிரேம்கள் தாமதமாக வரும், அந்தக் குற்றத்தை நீங்கள் ஆட்டத்தின் தலையில் கட்டிவிடுவீர்கள். முதல் வேலையாக அதைப் போடுங்கள். முடிந்தால் லேன் கேபிள் இழுத்துக்கொள்ளுங்கள்.

பட்டன் தாமதத்தை அளக்கத் தனிக் கருவி தேவையில்லை. நொடிக்கு 240 ஃபிரேம் ஸ்லோமோஷன் எடுக்கும் ஃபோன் இருந்தால் போதும். உங்கள் விரலும் திரையும் ஒரே சட்டத்தில் தெரியும்படி ஃபோனை நிறுத்துங்கள். லேசான ஒரு குத்தைப் பலமுறை அழுத்துங்கள். அப்புறம் வீடியோவை ஒவ்வொரு சட்டமாக நகர்த்தி, பட்டன் முழுதாக அமுங்கியதிலிருந்து கதாபாத்திரத்தின் தோள் அசையும் வரை எண்ணுங்கள். ஃபோனின் நான்கு சட்டம் ஆட்டத்தின் ஒரு ஃபிரேம். வருகிற எண்ணில் டிவியின் தாமதமும் கன்ட்ரோலரின் தாமதமும் சேர்ந்தே இருக்கும். அதனால் அதே டிவி, அதே கன்ட்ரோலரில் ஏற்கெனவே நன்றாகத் தெரிந்த இன்னொரு ஆட்டத்தையும் அளந்து, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை எழுதுங்கள். 2016-ல் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 5 வந்தபோது ஆட்டக்காரர்கள் இப்படி அளந்துதான் அதன் பட்டன் தாமதம் அதிகம் என்று கண்டுபிடித்தார்கள். ஆடுகிற யாருக்கும் கையில் உணர முடிந்த ஒன்றை எண்ணாக நிரூபித்த வேலை அது.

கேம்பேட், ஆர்கேட் ஸ்டிக், ஸ்டிக்கே இல்லாத பட்டன் பெட்டி, கீபோர்டு என்று எதில் வேண்டுமானாலும் ஆடுங்கள். எதில் ஆடினீர்கள் என்பதை மட்டும் விமர்சனத்தில் சொல்லிவிடுங்கள்.

ஒரே ஒரு கதாபாத்திரத்தோடு உட்காருங்கள்

டெக்கன் 8 வெளியானபோது 32 பேர் இருந்தார்கள். எல்லாரையும் பத்துப் பத்து நிமிடம் ஆடினால் 32 பேரின் உடை தெரியும், ஆட்டம் தெரியாது. ஒருவரைத் தேர்ந்தெடுத்து, ரேங்க் மேட்சில் (ஜெயித்தால் தரம் ஏறும், தோற்றால் இறங்கும் ஆன்லைன் மேட்ச்) உங்கள் முன்னேற்றம் ஓரிடத்தில் முட்டிக்கொண்டு நிற்கும் வரை அவரையே ஆடுங்கள். அந்த முட்டல்தான் உங்கள் விமர்சனத்துக்கு வேண்டிய சரக்கு. அதுவரை சும்மா பட்டனைத் தட்டியே ஜெயித்திருப்பீர்கள், அதற்கு மேல் ஆட்டம் உங்களிடம் வேறு ஒன்றைக் கேட்கும். என்ன கேட்கிறது, அதைக் கற்க வழி காட்டுகிறதா என்பதை அங்கேதான் பார்க்க முடியும்.

அதற்குப் பிறகு, முதலாமவருக்கு நேர் எதிரான ஒருவரை எடுங்கள். தூரத்திலிருந்து எறிந்து சண்டை போடுபவரை ஆடியிருந்தால், இப்போது பக்கத்தில் வந்து பிடித்துத் தூக்கிப் போடுபவர். நம்மை வாட்டி எடுத்தவரின் கஷ்டம் என்ன என்று இரண்டு மூன்று நாளிலேயே தெரிந்துவிடும். "இவன் ரொம்ப ஓவர்" என்று எழுத நினைத்த பாதி வரிகளை நீங்களே அடித்துவிடுவீர்கள்.

மெக்கானிக்ஸ்: அடி, தடுப்பு, அதற்குப் பிறகு என்ன?

புதிய ஆட்டம் ஒவ்வொன்றும் ஒரு பெரிய சிஸ்டத்தோடு வருகிறது. ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6-ல் டிரைவ், டெக்கன் 8-ல் ஹீட், மார்ட்டல் காம்பாட் 1-ல் கேமியோ துணையாட்கள். விளம்பரத்தில் வரும் பெயர்களை வரிசையாக விளக்கிவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். அந்த சிஸ்டம் தோற்பவர் கையில் என்ன பதிலைக் கொடுக்கிறது என்று பாருங்கள்.

ஒன்றை எடுத்துச் செய்து காட்டுகிறேன். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6-ல் டிரைவ் இம்பாக்ட் என்று ஓர் அடி. எல்லாக் கதாபாத்திரங்களுக்கும் உண்டு. வரும்போது நம் அடிகள் இரண்டைத் தாங்கிக்கொண்டே வரும். சுவரோரம் மாட்டிக்கொண்டால் தடுத்தாலும் உடம்பு சுவரில் மோதித் தெறிக்கும். முதல் வாரத்தில் புதியவர்கள் எல்லாரும் இதற்கு அடி வாங்கி, "இது அநியாயம்" என்பார்கள். அதே வாரத்தில் எழுதப்பட்ட விமர்சனத்திலும் அநியாயம் என்றே இருக்கும்.

இப்போது பயிற்சி அறைக்குள் போங்கள். எதிரே நிற்கும் டம்மிக்கு ஒரு பதிவில் டிரைவ் இம்பாக்ட், இன்னொன்றில் த்ரோ (பிடித்துத் தூக்கிப் போடுவது), மற்றொன்றில் சும்மா நடப்பது என்று பதிந்து, எது வரும் என்று தெரியாதபடி மாற்றி மாற்றி ஓடவிடுங்கள். டிரைவ் இம்பாக்ட் நம்மைத் தொட 26 ஃபிரேம் எடுக்கும், அதாவது 433 மில்லிநொடி. கண்ணில் பட்டதும் ஒரு பட்டனை அழுத்த மனிதருக்குச் சுமார் கால் நொடி போதும். ஆக, பார்த்த பின் பதில் தர நேரம் இருக்கிறது. பதிலுக்கு நீங்களும் டிரைவ் இம்பாக்ட் போட்டால் அவர்தான் விழுவார். மேலே குதிக்கலாம், நெருக்கத்தில் இருந்தால் பிடித்துத் தூக்கியும் போடலாம். அரை மணி நேரம் இதைச் செய்த பிறகு ரேங்குக்குத் திரும்பினால் முன்பு வாங்கிய அடியில் பெரும்பகுதி நின்றிருக்கும். கற்றால் அடங்குகிற அடி இது. "பார்த்துப் பழகினால் சமாளிக்கலாம், ஆனால் பழகும் வரை கடுப்பேற்றும்" என்று அப்போது எழுதலாம். வாசகருக்குப் பயன்படும் வரி அதுதான்.

எல்லாமே இப்படிக் கற்றால் அடங்கிவிடுவதில்லை. அதே ஆட்டத்தில் சுவரோரம் த்ரோ வாங்கி எழுந்தவர், மறுபடி த்ரோ வருமா அடி வருமா என்று ஊகிக்க வேண்டியிருக்கும். தவறாக ஊகித்தால் மறுபடி அதே இடம், அதே கேள்வி. எவ்வளவு பழகினாலும் அது ஊகமாகவே இருக்கும். கற்றால் தீர்கிற தோல்வி, ஊகம் தவறியதால் வந்த தோல்வி என்று இரண்டையும் பிரித்து எழுதுங்கள். ஊகம் இருப்பதே குற்றமில்லை, இந்த வகை ஆட்டத்தின் உயிரில் பாதி ஊகம்தான். ஒரு ஊகம் தவறினால் எவ்வளவு ரத்தம் (கதாபாத்திரத்தின் உயிர் அளவு) போகிறது, எத்தனை முறை அடுத்தடுத்து ஊகிக்க வைக்கிறார்கள் என்பதைத்தான் எடை போட வேண்டும்.

தடுப்புக்குப் பிறகு யாருக்கு முறை என்பது இன்னொரு முக்கியமான இடம். டெக்கனில் மிக வேகமான குத்து பொதுவாக 10 ஃபிரேமில் தொடும். நீங்கள் தடுத்த ஓர் அடியிலிருந்து எதிராளி மீள உங்களைவிட 10 ஃபிரேம் அதிகம் எடுத்தால், உடனே குத்தினால் கட்டாயம் விழும், அவரால் தடுக்கவே முடியாது. இதை 'பனிஷ்' என்பார்கள். டெக்கன் 8-ன் ஹீட், சுற்றுக்கு ஒருமுறை சுமார் 10 நொடி தாக்குபவருக்குக் கூடுதல் பலம் தருகிறது, தடுத்தாலும் கொஞ்சம் ரத்தம் போகிறது. தடுத்து நின்று பனிஷ் செய்து ஜெயித்த பழைய ஆட்டக்காரர்களுக்கு இது கசந்தது. பாய்ந்து அடிப்பவர்களுக்கு இனித்தது. நீங்கள் எந்தப் பக்கம் என்பதை மறைக்காமல் எழுதுங்கள். உங்கள் ரசனை தெரிந்தால்தான் வாசகர் தன் ரசனையோடு ஒப்பிட்டுக்கொள்ள முடியும்.

எளிய கன்ட்ரோல் வகைகளையும் மறக்காதீர்கள். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6-ன் மாடர்ன் வகையில் ஸ்டிக்கைச் சுழற்றாமல் ஒரு பட்டனும் ஒரு திசையும் சேர்த்தால் ஸ்பெஷல் அடி வந்துவிடும். அதற்கு விலையாக அந்த அடியின் சேதம் 20 சதவீதம் குறையும், சில அடிகள் கிடைக்கவே கிடைக்காது. டைனமிக் என்று இன்னொரு வகை உண்டு, கணினியே பாதி ஆடிக் கொடுக்கும். அதை ஆன்லைன் மேட்சில் பயன்படுத்த முடியாது. வீட்டில் தம்பி தங்கையோடு உட்கார்ந்து ஆட நல்லது. பழைய ஆட்டக்காரர் என்ற மிதப்பில் மாடர்னைத் தொடாமலே விமர்சனம் எழுதுவது நியாயமில்லை. புதிதாக வாங்கும் வாசகர் பெரும்பாலும் அதில்தான் தொடங்குவார்.

மோடுகள்: எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள்

மெனுவில் எத்தனை மோடு இருக்கிறது என்பதைவிட, மேட்ச் ஆடாத மாலையில் ஆட்டம் நமக்கு என்ன வைத்திருக்கிறது என்பது முக்கியம். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 5 வெளியானபோது ஆர்கேட் மோடு (கணினி எதிரிகளை வரிசையாக வீழ்த்தும் மோடு) இல்லை, கணினியோடு சாதாரணமாக ஒரு மேட்ச் போடக்கூட வழியில்லை. ஆர்கேட் மோடு வர 2018 ஜனவரி ஆகிவிட்டது. சண்டை நன்றாக இருந்தும் அந்த ஆட்டத்தின் பெயர் முதல் மாதத்திலேயே கெட்டதற்கு இது ஒரு முக்கியக் காரணம். தனியாக ஆடுபவர்களுக்கு அங்கே எதுவுமே இல்லை.

அடுத்த பாகமான ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6-ல் அந்தப் பாடம் தெரிகிறது. வேர்ல்ட் டூர் என்ற நீண்ட கதை மோடில் நாமே ஓர் ஆளை உருவாக்கி, மெட்ரோ சிட்டித் தெருக்களில் சண்டை போட்டு, ரியு, சுன்-லி போன்றவர்களிடம் சீடராகச் சேர்கிறோம். கதை சுமார்தான். ஆனால் எதிரியின் குதிப்பை எப்படி வீழ்த்துவது, தூரத்தை எப்படிப் பிடிப்பது என்பதெல்லாம் தெருச் சண்டைகளின் வழியே கைக்குப் பழகிவிடுகிறது. பயிற்சி அறை என்றாலே கொட்டாவி விடுபவர்களுக்கு இது பெரிய உதவி. மார்ட்டல் காம்பாட் வரிசையின் கதை மோடுகள் சினிமா மாதிரி நன்றாக ஓடும், ஒவ்வொரு அத்தியாயத்திலும் வேறொருவரை ஆட வைக்கும். கில்டி கியர் ஸ்ட்ரைவின் கதையில் நாம் ஒரு பட்டனைக்கூட அழுத்த வேண்டியதில்லை, உட்கார்ந்து பார்க்க வேண்டியதுதான். இரண்டையும் "ஸ்டோரி மோடு உண்டு" என்று ஒரே சொல்லில் முடித்தால் வாசகர் ஏமாந்துபோவார்.

நான் அதிக நேரம் செலவிடுவது பயிற்சி அறையிலும் ரீப்ளேயிலும்தான். தோற்ற மேட்சை ஆட்டத்துக்குள்ளேயே திரும்பப் பார்க்க முடிகிறதா? பார்க்கும்போது இரண்டு பேரும் அழுத்திய பட்டன்கள் தெரிகின்றனவா? டெக்கன் 8-ல் ரீப்ளேயை நடுவில் நிறுத்தி, அந்த இடத்திலிருந்து கன்ட்ரோலரை நாமே வாங்கி ஆடிப் பார்க்கலாம். "இங்கே பனிஷ் செய்திருக்கலாம்" என்று ஆட்டமே குறிப்பும் காட்டுகிறது. ராத்திரி தோற்ற அதே நொடிக்குப் போய், அதே அடியைத் தடுத்து, திருப்பி அடித்துப் பார்க்க முடிவது எவ்வளவு பெரிய விஷயம்! பல வருடம் தாளில் குறித்து, பயிற்சி அறையில் அந்தச் சூழலை நாமே பதிந்து செய்த வேலை இது. மற்ற ஆட்டங்களும் இதைக் கொண்டுவர வேண்டும் என்று விமர்சகர்கள் விடாமல் கேட்க வேண்டும். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6-ன் ஃபிரேம் மீட்டரும் இதே இனம். யார் எத்தனை ஃபிரேம் முன்னால் மீள்கிறார்கள் என்பது வண்ணக் கட்டங்களாகத் திரையிலேயே தெரியும்.

ஆன்லைன்: நேரமும் தூரமும் குறித்துச் சோதியுங்கள்

இங்கேதான் பெரும்பாலான விமர்சனங்கள் "ஆன்லைன் ஸ்மூத்தாக இருந்தது" என்ற ஒரே வரியோடு நின்றுவிடுகின்றன. யாரோடு, எங்கிருந்து, எந்த நேரத்தில் ஆடினீர்கள் என்று சொல்லாத அந்த வரிக்கு மதிப்பே இல்லை.

முதலில் நெட்கோடு (இரண்டு பேரின் ஆட்டத்தையும் இணையத்தில் இணைக்கும் மென்பொருள்) எந்த வகை என்று தெரிந்துகொள்ளுங்கள். பழைய முறையில் எதிராளியின் பட்டன் வந்துசேரும் வரை ஆட்டம் காத்திருக்கும். இணையம் தடுமாறினால் மொத்த ஆட்டமும் சேற்றில் நடப்பது போல இழுக்கும். ரோல்பேக் முறையில் ஆட்டம் காத்திருக்காது. எதிராளி போன ஃபிரேமில் அழுத்தியதையே இப்போதும் அழுத்துகிறார் என்று ஊகித்து ஓடிக்கொண்டே இருக்கும். ஊகம் தப்பு என்று தெரிந்தால் சில ஃபிரேம் பின்னால் போய்ச் சரிசெய்து மறுபடி நிகழ்காலத்துக்கு வந்துவிடும். எவோ என்ற பெரிய ஃபைட்டிங் கேம் போட்டியைத் தொடங்கியவர்களில் ஒருவரான டோனி கேனன், 2006-ல் எக்ஸ்பாக்ஸ் 360-க்கு வந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2-ன் ஆன்லைன் ஆட்டம் பிடிக்காமல் ஜிஜிபிஓ என்ற ரோல்பேக் மென்பொருளை எழுதினார். அப்படி இருந்தும் பெரிய ஆட்டங்கள் பல நெடுநாள் பழைய முறையிலேயே வந்தன. 2018-ல் வந்த டிராகன் பால் ஃபைட்டர்ஸுக்கு ரோல்பேக் கிடைத்தது 2024-ல்.

ரோல்பேக் என்று பெட்டியில் போட்டிருந்தால் மட்டும் போதாது, நன்றாகச் செய்திருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 5-லும் ரோல்பேக்தான் இருந்தது. ஆனால் ஒருவர் திரையில் எல்லாம் சரியாக ஓடும்போது மற்றவர் திரையில் ஆள் இங்கும் அங்கும் தாவுவார். 2020-ல்தான் அதைச் சரிசெய்யும் அப்டேட் வந்தது. அதனால் எதிராளியாக உங்களுக்குத் தெரிந்த ஒருவரை வைத்து, இரண்டு பக்கமும் வீடியோ பதிந்து ஒப்பிடுங்கள். உங்கள் திரை மட்டும் பாதிச் சாட்சிதான்.

தூரத்தைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். கண்ணாடி இழையில் ஒளி ஒரு மில்லிநொடியில் ஏறக்குறைய 200 கிலோமீட்டர் போகும். சென்னையிலிருந்து சிங்கப்பூர் நேர்க்கோட்டில் சுமார் 2,900 கிலோமீட்டர். போய் வர குறைந்தது 29 மில்லிநொடி, அதாவது இரண்டு ஃபிரேமுக்குள். டோக்கியோ என்றால் இதைப்போல இரண்டு மடங்குக்கு மேல். நிஜத்தில் கேபிள் சுற்றிப் போவதால் பிங் (தகவல் போய் வர ஆகும் நேரம்) இன்னும் கூடும். சிங்கப்பூர் ஆளோடு ரோல்பேக் ஆட்டம் பக்கத்து வீட்டில் ஆடுவது மாதிரி இருக்க வேண்டும், இல்லையென்றால் குறை ஆட்டத்திலோ உங்கள் இணைப்பிலோ இருக்கிறது. வட அமெரிக்க ஆளோடு ஆடித் தடுமாறினால் அதற்கு ஆட்டத்தைத் திட்டாதீர்கள். மேலே சொன்ன டிரைவ் இம்பாக்டை நினைத்துப் பாருங்கள். 26 ஃபிரேமில் ஏழெட்டை இணையம் தின்றுவிட்டால், பயிற்சி அறையில் எளிதாக வந்த பதில் ஆன்லைனில் வராது. மெக்கானிக்ஸையும் ஆன்லைனையும் தனித்தனியாக மதிப்பிட முடியாதது இதனால்தான்.

சோதிக்கும்போது பக்கத்து ஊர், பக்கத்து நாடு, தூர நாடு என மூன்று வகை ஆட்களோடும் ஆடுங்கள். இரவு எல்லாரும் வீட்டில் வீடியோ பார்க்கும் நேரத்தில் ஒரு சுற்று, காலையில் ஒரு சுற்று. எதிராளி வைஃபையா கேபிளா என்று சில ஆட்டங்கள் முன்கூட்டியே காட்டும். வைஃபை ஆட்களைத் தவிர்க்க வழி உண்டா என்று பாருங்கள். பிங் எண்ணைக் காட்டிவிட்டு ஒப்புக்கொள்ளவோ மறுக்கவோ விடுகிறதா? தோற்கப் போகிற நேரத்தில் இணைப்பைப் பிடுங்கிவிட்டு ஓடுபவருக்கு ஏதாவது தண்டனை உண்டா? ஜெயித்தவருக்குப் புள்ளி வந்துசேருமா? இதையெல்லாம் எழுதுங்கள்.

மேட்ச் கிடைக்க எவ்வளவு நேரம் காத்திருந்தீர்கள் என்பதையும், அப்போது மணி என்ன என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். சென்னை, யாழ்ப்பாணம், கோலாலம்பூர், டொராண்டோ என்று பரந்து கிடக்கிறார்கள் நம் வாசகர்கள். நீங்கள் எங்கிருந்து ஆடினீர்கள் என்று சொன்னால்தான் தங்கள் ஊருக்கு ஏற்றபடி கணித்துக்கொள்வார்கள். ஆள் கிடைப்பதில் கிராஸ்பிளேவுக்கு (வெவ்வேறு கருவிகளில் இருப்பவர்கள் ஒன்றாக ஆட முடிவது) பெரிய பங்கு உண்டு. மார்ட்டல் காம்பாட் 1 2023 செப்டம்பரில் வந்தபோது அது இல்லை, அடுத்த ஆண்டுதான் வந்தது. பெரிய நகரத்தில் இருப்பவருக்கு அது சின்னக் குறை. ஆட்டக்காரர் குறைவான ஊரில் இருப்பவருக்கு, நல்ல நெட்கோடு இருந்தும் எதிரே ஆளே இல்லாத நிலை.

காசு விஷயம்

டெக்கன் 3 ஆடி வளர்ந்த நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு எடி கோர்டோவைத் தெரியாமல் இருக்காது. டெக்கன் 8-ன் முதல் பட்டியலில் அவர் இல்லை. 2024 ஏப்ரலில் முதல் டிஎல்சி (பிறகு இறக்கிச் சேர்த்துக்கொள்ளும் கூடுதல் பகுதி) கதாபாத்திரமாக, தனிக் காசுக்கு வந்தார். ஒரு ஆட்டத்தின் உண்மையான விலை என்ன என்று எழுதும்போது, அடிப்படைப் பதிப்பு, சீசன் பாஸ் (ஒரு சீசனில் வரும் புதிய கதாபாத்திரங்களின் மொத்தத் தொகுப்பு), அதற்கு அடுத்த சீசன் எல்லாவற்றையும் ரூபாயில் கூட்டிக் காட்டுங்கள். காசு கொடுக்காதவர் புதிய கதாபாத்திரத்திடம் தோற்றால், அந்தக் கதாபாத்திரத்தைப் பயிற்சி அறையில் எதிரே நிறுத்திப் பழகவாவது முடிகிறதா என்றும் பாருங்கள். தோற்றவர் பக்கம் நின்று பார்ப்பவருக்கு இது சின்னக் கேள்வியே இல்லை.

கவனிக்க வேண்டிய இன்னொன்று: டெக்கன் 8-ல் உடைகளை விற்கும் கடை, ஆட்டம் வெளியாகி ஒரு மாதம் கழித்துத்தான் திறந்தது. அதற்குள் பெரும்பாலான விமர்சனங்கள் வெளியாகியிருந்தன. வெளியீட்டு நாளில் எழுதுபவர், "இன்றைய தேதியில் உள்ளே கடை இல்லை" என்று ஒரு வரி சேர்த்துவிடுவது நல்லது.

எழுத உட்காரும்போது

தலைப்புக்குக் கீழேயே ஒரு சிறு பெட்டி போடுங்கள். ஆட்டத்தின் பதிப்பு எண், எந்தக் கருவி, எந்தக் கன்ட்ரோலர், எந்த ஊர், என்ன இணைப்பு, யாரை ஆடினீர்கள், எந்த ரேங்க் வரை போனீர்கள். வெள்ளி ரேங்கில் எழுதினால் வெள்ளி ரேங்க் என்றே போடுங்கள். புதிதாக வாங்குபவருக்கு மாஸ்டர் ரேங்க் ஆளின் கருத்தைவிட அது நெருக்கமாக இருக்கும். ஆனால் வெள்ளியில் நின்றுகொண்டு "பேலன்ஸ் மோசம்" (கதாபாத்திரங்களின் பலம் சமமாக இல்லை) என்று தீர்ப்புச் சொல்லாதீர்கள். "என் ரேங்கில் இவரிடம் நிறையத் தோற்றேன், இன்ன பதில் இருக்கிறது, எனக்கு இன்னும் வரவில்லை" என்று எழுதினால் அதில் ஒரு பிழையும் இருக்காது.

கலைச்சொற்களைத் தவிர்க்க வேண்டாம், முதல்முறை வரும்போது ஒரு வாக்கியத்தில் விளக்கிவிட்டுப் பிறகு தாராளமாகப் பயன்படுத்துங்கள். மதிப்பெண் போடுவதாக இருந்தால் தனியாக ஆடுபவருக்கு ஒன்று, ஆன்லைன் ஆட்டக்காரருக்கு ஒன்று என்று இரண்டு போடலாம். ஒரே எண்ணில் இரண்டு பேரையும் அடைத்தால் ஒருவருக்காவது அது பொய்யாகிவிடும்.

விமர்சனம் வெளியான பிறகும் அதைத் தொட்டுத் திருத்தும் உரிமையை வைத்துக்கொள்ளுங்கள். 2025 ஏப்ரலில் டெக்கன் 8-ன் இரண்டாம் சீசன் அப்டேட் வந்ததும் தாக்குதல் இன்னும் கூடிவிட்டது என்று ஆட்டக்காரர்கள் கொதித்தார்கள், ஸ்டீம் என்ற கணினி ஆட்டக் கடையில் எதிர்மறை மதிப்புரைகள் குவிந்தன, சில வாரங்களுக்குள் சரிசெய்யும் அப்டேட்டுகள் வந்தன. 2024-ல் எழுதிய விமர்சனம் அந்த மாதத்தில் வாங்கியவருக்கு உதவியிருக்காது. பெரிய அப்டேட் வரும்போது பழைய வரிகளை அழிக்காமல், தேதி போட்டு அடியில் ஒரு பத்தி சேருங்கள். என்ன மாறியது, உங்கள் கதாபாத்திரத்துக்கு என்ன ஆனது, மேட்ச் இப்போதும் சீக்கிரம் கிடைக்கிறதா என்ற மூன்றும் அந்தப் பத்தியில் இருந்தால் போதும்.